கைப் பழக்கமே முதல்



சி.பி.ஆர். பயிற்றுநர் சான்றிதழ் கையிலே வந்துவிட்டது, இதையே தொழிலாக நடத்தலாமா என்று நம் இளைஞர் சிலர் கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம்.

முதலில், வகுப்பு நடத்த உங்களைப் பயிற்றுவித்த அமைப்பின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயருக்கு 60 வெள்ளி. கடை வேண்டாம்; கோயில் மண்டபம் போதும். கையிலுள்ள பணத்தைப் பெயர்ப் பலகையில் போடாமல் பயிற்சிப் பொம்மையில் போடுங்கள். 1960-ல் அந்தப் பொம்மையைச் செய்து கொடுத்தவரே நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை வியாபாரி ஆஸ்முண்ட் லார்டல்தான்!

ஒரே பொம்மைக்கு இருபது பேரை உட்கார வைத்தால் காசு வரும், கை பழகாது. வாய்ப்பாட்டைக் காதால் கேட்ட பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடுமா? பெரியவர்களுக்கு மார்பின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொருவரும் வேர்க்க வேர்க்க அழுத்திப் பழக வேண்டும். பழகாதவருக்கு, பணம் கட்டிவிட்டார் என்பதற்காகச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

தோட்டத்திலே ஒருவர் மூச்சின்றிச் சாய்ந்தால், 999-க்கு அழைத்தபின் ஆம்புலன்ஸ் வரும்வரை அவருக்குத் துணை, பக்கத்திலே நிற்பவரின் கைகள்தாம். அந்தக் கைகள் பழகாதவையாக இருந்தால் நட்டம் உங்களுக்கல்ல, ஒரு குடும்பத்துக்கு.

தொழிற்சாலையில் முழுக் கட்டணம் வாங்குங்கள். லயத்து மக்களிடம் செலவுக்கு மட்டும் வாங்குங்கள். நாணயமாக நடத்துங்கள், தொழில் தானாக வளரும்.