ஓரொலிப் பிழையும் ஓர் இசைத்தட்டும்



பாட்டுக்குச் சொல் உடையா, உயிரா என்னும் வினா பழையது. அவ்வினாவுக்கு 1968ஆம் ஆண்டில் ஒரு நடிகர் வெளியிட்ட முதல் தனி இசைத்தட்டு நல்லதொரு விடை தருகின்றது. அவ்விடையில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பாருங்கள்.

அயர்லாந்து நாட்டின் இலிமெரிக்கு நகரில் 1930இல் பிறந்தவர் இரிச்சர்டு ஆரிசு. 1963இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் பந்தாட்ட வீரராக நடித்துக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு பெற்றவர். 1967இல் ‘கேமலாட்டு’ என்னும் படத்தில் ஆர்தர் மன்னராக நடித்துப் பாடவும் செய்தார். ஆயினும் உலகம் அவரை நடிகர் என்றே அறிந்திருந்தது. பாடகர் என்று அறிந்திலது.

அவருக்காகப் பாடல்களை எழுதி, இசையமைத்து, ஒலிப்பதிவையும் நடத்தியவர் சிம்மி வெபு. அப்போது அவருக்கு அகவை 21. அவ்விசைத்தட்டின் தலைமணி ‘மெக்கார்தர் பூங்கா’ என்னும் பாட்டு. முன்னர் ஒரு பாடகர் குழுவினர் வேண்டா என்று தள்ளிய பாட்டு அது. வானொலிப் பாட்டென்றால் மூன்று மணித்துளி என்றிருந்த காலத்தில், அது 7 மணித்துளி 21 நொடி நீண்டது.

காதலை இழந்தான் ஒருவன், மழையில் நனைந்து கரையும் இனிப்பு அப்பத்தில் தன் வாழ்வின் கரைவைக் காண்கின்றான். ஆரிசு அதனை நாடகக் கூற்றுப்போல் உணர்ந்து பாடினார். குரலில் குறை காண்போரும் சொல்லுக்கு அவர் ஊட்டிய உணர்வை மறுத்தல் அரிது. அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடமும், பிரித்தானியாவில் நான்காம் இடமும் அப்பாட்டுக்குக் கிடைத்தன. இது பெருமை.

இனிச் சிறுமையைக் கேளுங்கள். இலாசு ஏஞ்சலிசு நகரிலுள்ள அப்பூங்காவுக்குப் படைத்தலைவர் மெக்கார்தரின் பெயர் 1942இல் சூட்டப்பெற்றது. ‘மெக்கார்தர் பூங்கா’ என்பதே அதன் பெயர். ஆரிசோ, ஆங்கிலத்தில் உடைமைப்பொருள் தரும் ‘சு’ ஒலியை இடையிற் செருகி, ‘மெக்கார்தரின் பூங்கா’ என்று பொருள்படப் பாடினார். தொகையாய் நின்ற பெயரை ஆறாம் வேற்றுமை விரித்துக் கெடுத்தார். மறைமலைநகரை ‘மறைமலையின் நகர்’ என்று எவரேனும் பெயர்ப்பலகையில் எழுதுவரோ?

பாட்டை ஆக்கிய வெபு திருத்த முயன்றார். நடிகரோ மீண்டும் மீண்டும் அவ்வாறே பாடினார். இளையவர் சலித்து விட்டுவிட்டார். இசைக்கருவிகளின் பகுதி முன்னரே ஆலிவுட்டில் பதிவாகியிருந்தது. குரல் பின்னர் இலண்டனில் அதன்மேற் சேர்க்கப்பெற்றது. எனவே, கருவியாளரை மீண்டும் கூட்ட வேண்டிய தொல்லையில்லை. ஒருவர் வாய் திருந்தினாற் போதும். அதுவே நடைபெறவில்லை. பாடியவர் புகழ் பெரிது. திருத்தியவர் அகவை சிறிது. வேறு கரணியம் தேட வேண்டுவதில்லை.

1978இல் தோனா சம்மர் என்னும் பாடகியார் அதே பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றார். ஆரிசு 2002இல் மறைந்தார். இசைத்தட்டில் ஏறிய பிழை மட்டும் மறையவில்லை. தட்டுச் சுழலுந்தோறும் அதுவும் ஒலிக்கின்றது. வாய்ச்சொல்லிற் பிழைத்தால் அடுத்த நொடியே திருத்தலாம். பதிவிற் பிழைத்தால் தலைமுறைகள் அப்பிழையையே பாடமாகக் கேட்கும்.

அயலார் மொழியில் ஓரொலி மிகுந்ததற்கே இத்துணைப் பேச்சு. தமிழிலோ ஓரொலி பிறழ்ந்தால் பொருளே புரண்டுவிடும். ‘வாழை’ என்று எழுதியதை ‘வாளை’ என்று பாடினால் மரம் மீனாகும். ஆகவே, பாட்டைப் பதிவு செய்யும் இடத்தில் இசையறிந்தார் ஒருவர் இருப்பதுபோல், பலுக்கல் அறிந்தார் ஒருவரும் இருத்தல் வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் எவராயினும் நிறுத்திப் பாடுதல் வேண்டும்.

பாடுவோர் பெரியரோ, திருத்துவோர் சிறியரோ, அஃது ஆராயத் தக்கதன்று. இருவரினும் பெரியது சொல்.