சான்றிதழின் இரண்டாம் பகுதி



நம் நாட்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தைப் பேசக் கூடியிருக்கிறோம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். தீர்ப்புகளைப் பற்றிய கட்டுரைகளே அதிகம். முன்தணிக்கை அரசமைப்புக்கு உட்பட்டதுதான் என்ற 1970-ஆம் ஆண்டின் கே. ஏ. அப்பாஸ் வழக்கு இருக்கிறது. 1989-இன் ரங்கராஜன் வழக்கும் இருக்கிறது. இது நம் சென்னையில் தொடங்கிய வழக்கு. இடஒதுக்கீட்டைப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் ‘யு’ சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. கலவரம் வரும் என்று சொல்லி அரசு கையை விரிக்கக் கூடாது என்றும் சொன்னது. அப்படியிருந்தும், சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூபம்’ 2013-இல் இதே மாநிலத்தில் 144 தடை உத்தரவில் முடங்கியது!

இவையெல்லாம் விவாதிக்க வேண்டியவைதாம். ஆனால் நீதிமன்றப் படியேறாத படங்களை யார் பேசுவது?

தணிக்கை வாரியத்தின் ஆய்வுக் குழு படம் பார்த்து முடிக்கிறது. இந்த வசனத்தை மியூட் செய்யுங்கள், அந்த ஷாட்டைக் குறையுங்கள், இல்லையென்றால் ‘ஏ’தான் என்கிறார்கள். ‘ஏ’ என்றால் சேட்டிலைட் உரிமை விலைபோகாது. 2011 முதல் ஜி.எஸ்.டி. வரும்வரை தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்கே ‘யு’ கட்டாயமாக இருந்தது. வட்டிக்குப் பணம் வாங்கி, தியேட்டரும் பேசி முடித்த தயாரிப்பாளர் என்ன செய்வார்? வெட்டுக்குத் தலையாட்டுவார். மறுஆய்வுக் குழுவுக்கு மேலே முறையிட முன்பு தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதி அதுவரை காத்திருக்குமா? 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5பி பிரிவில் உள்ள ‘ஒழுக்கம்’, ‘பொது ஒழுங்கு’ முதலிய சொற்களைவிட இந்தக் காலண்டர்தான் அதிகம் வெட்டுகிறது என்பேன்.

2023-இன் திருத்தம் ‘யுஏ’வை 7, 13, 16 வயதுகளாகப் பிரித்தது. பெற்றோருக்கு நல்லது. மேல்முறையீட்டுச் சிக்கலை அது தொடவில்லை.

படம் தொடங்கும்முன் திரையில் வரும் சான்றிதழுக்கு நம் ரசிகர்கள் விசிலடிக்கிறார்கள். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. எது நீக்கப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று பதிவாவது அங்கேதான். தமிழ்ப் படங்களின் அந்தப் பக்கங்களைப் பத்தாண்டு வாரியாகத் தொகுத்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பழைய தயாரிப்பாளர்களின் அலமாரிகளையும் தட்டிப் பார்க்கலாம். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் கவனிக்க.

வழக்கறிஞர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வெளியீட்டுத் தேதிக்கு முன்பே மேல்முறையீடு முடியும்படி விதி ஒன்றை வரைந்து, மாலை அமர்வில் அவைமுன் வையுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.