ஒளிப் புலிக்கு ஒரு பெயரும் சின்னமும்

(ஆண்டு விழா உரை)

 

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமன்று. எனினும், நம் இளைஞர்கள் உள்மண்டபத்தில் அமைத்திருக்கும் விலங்குக் காட்சிக்குப் பெயரும் சின்னமும் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தமையால், அவை பிறந்த வரலாற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காட்சியில் உயிருள்ள விலங்கு ஒன்றும் இல்லை. மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டு, அதன்மேல் புரொஜெக்டரின் ஒளியால் புலியையும் காட்டெருமையையும் மானையும் விழச் செய்கிறார்கள். இருளில் வலை கண்ணுக்குத் தெரியாது. புலி வெறுங்காற்றில் நடப்பது போலத் தோன்றும். கையசைவை அறியும் கருவியொன்றும் வைத்திருக்கிறார்கள். குழந்தை கையை ஆட்டினால் புலி தலையைத் திருப்பும்.

இளைஞர்கள் முதலில் கொண்டுவந்த பெயர் 'லைவ் டைகர் சஃபாரி'. சின்னம், வாய் பிளந்து உறுமும் புலித்தலை. நான் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்நகர மைதானமொன்றில் ஒரு கண்காட்சி வந்தது. வாயிலில் இரண்டாள் உயரப் பதாகை. அதிலே பாயும் புலி. பக்கத்தில் 'உயிரோடு காணுங்கள்' என்னும் பொருள்பட இந்தியில் கொட்டை எழுத்து. அப்போது ஏழு வயதான என் மகளை அழைத்துப் போனேன். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு படம். படம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியைக் கழற்றியவள், "அப்பா, புலி எப்போ வரும்?" என்று கேட்டாள். நான் விடை சொல்லத் தடுமாறினேன். வீடு வரும் வரையில் அவள் பேசவில்லை. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தலாகாது என்று 1998ஆம் ஆண்டு அரசு அறிவிக்கை உண்டு; உச்ச நீதிமன்றமும் 2001இல் அதை உறுதி செய்தது. நாளிதழ் படிக்கிற எனக்கே பதாகையைக் கண்டதும் இது நினைவுக்கு வரவில்லை!

எங்கள் பார்சல் ஆபீஸில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அனுப்புகிறவர் சொன்னதை எழுதி, 'இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று பொருள்படும் எஸ்.டி.சி. என்ற மூன்றெழுத்துகளைச் சேர்த்துவிடுவோம். நாளை உள்ளே வேறொன்று இருந்தால் அவ்வெழுத்துகள் எங்களைக் காக்கும். பதாகைக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை அதை அப்படியே நம்பிவிடுகிறது.

"உயிர் விலங்கு இல்லையென்று சொன்னால் யார் வருவார்கள்?" என்று இளைஞர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் 1976இல் தொடங்கிய ரோன்கல்லி சர்க்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 1991இல் காட்டு விலங்குகளை விட்டார்கள். 2018இல் குதிரை உட்பட எல்லா விலங்குகளையும் விட்டு, 11 புரொஜெக்டர்களைக் கொண்டு யானையையும் குதிரையையும் மீனையும் ஒளியிலே உருவாக்கினார்கள். அதை மறைக்கவில்லை. உயிர் விலங்கு இல்லை என்பதே உலகெங்கும் செய்தியாகி, அச்சர்க்கஸின் புகழாயிற்று. நாம் மறைக்க நினைத்ததை அவர்கள் முன்னால் நிறுத்தினார்கள்.

2017இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் நேஷனல் ஜியாக்ரஃபிக் பெயரால் ஒரு கடற்காட்சி திறந்தார்கள். ஒரு மீன்கூட இல்லாத கடல். எல்லாம் திரையும் ஒளியும். இப்போது அது இல்லை. அவர்களுக்குப் புதுச்சின்னம் தேட வேண்டிய கவலை இருந்திராது. 1910 முதல் அப்பத்திரிகையின் அட்டையைச் சுற்றி ஓடும் மஞ்சள் சட்டம் நூறாண்டு நம்பிக்கையைச் சேர்த்து வைத்திருந்தது. நமக்கு அப்படிப்பட்ட முன்னோர் சொத்து ஏது?

சின்னத்தைப் பொறுத்தவரை நான் வைத்த சோதனை ஒன்றே: ரப்பர் முத்திரையில் தெளிவாக விழ வேண்டும். மலரும் ஒரே மையில்தான் அச்சாகிறது. 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்குச் சின்னம் தேடியவர்களுக்கும் அச்சுச் செலவு ஒரு கவலையாக இருந்தது. லண்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்த சீ-சீ என்ற பாண்டாவைக் கண்டு ஜெரால்டு வாட்டர்சன் முதற்படங்களை வரைய, பீட்டர் ஸ்காட் அவற்றைச் சின்னமாக்கினார். கறுப்பு, வெள்ளை, வேறு மை வேண்டியதில்லை. நம் ரயில்வேயின் போலுவும் எனக்கு மிக வேண்டியவன்தான். 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2002இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தார் படைத்த கார்டு யானை அது. ஆனால் அதன் கையிலுள்ள பச்சை விளக்கு கறுப்பு மையில் வெறும் விளக்காகிவிடும். பச்சையில்லாத விளக்கை நம்பி எந்த டிரைவர் வண்டியை எடுப்பார்?

உறுமும் புலியை முத்திரையில் அடித்துப் பார்த்தோம். மீசையும் வரியும் மையில் கூடிக் கரிக்கட்டையாயிற்று.

சென்ற பனிக்காலத்தில் நாகபுரியிலிருந்து குடும்பத்தோடு தாடோபா சென்றிருந்தேன். 1955இல் தேசியப் பூங்காவான காடு. மூன்றரை மணி நேரம் ஜிப்சியில் சுற்றியும் புலி கண்ணிற்படவில்லை. திரும்பும் வழியில் வழிகாட்டி வண்டியை நிறுத்திப் புழுதியைக் காட்டினார். நான்கு விரல்கள், பின்புறம் மூன்று மடலாகப் பிரிந்த மெத்தை. நகத் தடம் இல்லை. புலி நகத்தை உள்ளிழுத்தே நடக்கும் என்றார். என் மகள் அன்று அழவில்லை. ஒரு வாரம் அந்த அடிச்சுவட்டைப் பற்றியே பேசினாள். புலி வரும் என்று அங்கே எவரும் அவளுக்கு வாக்களித்திருக்கவில்லை.

ஆகவே அடிச்சுவடே சின்னம் என்றேன். "அடிச்சுவடு என்றால் புலி இங்கே இல்லை என்றல்லவா பொருள்?" என்று ஒரு தம்பி கேட்டான். "அதனால்தான், தம்பி" என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே பென்சிலை எடுத்தான். முதலில் நகத்தோடு வரைந்தான். அது நாயின் தடம். திருத்தினோம். புள்ளி புள்ளியாக வரைந்தால் புதுமையாக இருக்கும் என்றார்கள். முத்திரையில் புள்ளிகள் கூடிக் குழம்பின. முடிவில் சுவட்டைச் சுற்றி விளக்கொளியைக் குறிக்க ஒரு வட்டம் மட்டும் போட்டோம்.

பெயருக்கு நான் சொன்னது 'ஒளிவனம்'. பக்கத்து வீட்டு மராத்திய அம்மையார், "எந்த வரிகள்?" என்று கேட்டார். அவர்கள் மொழியில் 'ஓளி' என்றால் வரிகளாம்! தமிழரல்லாத அண்டை வீட்டாரும் வரப்போகும் காட்சி இது. ஆகவே எல்லாருக்கும் விளங்கும் 'தீபவனம்' ஆயிற்று. திருவிளக்குப் பூஜை என்றெண்ணி இரண்டு பாட்டிமார் எண்ணெய் கொண்டுவந்தது வேறு கதை. அதனால் பெயருக்குக் கீழே, 'விலங்குகள் அனைத்தும் ஒளியால் ஆனவை' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறோம். எழுத்து பெயரளவுக்குப் பொடியாக இல்லை, பெயரில் பாதியளவு.

ஆறரை மணிக்குக் கதவு திறக்கும். உள்ளே இருட்டு, சிறு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வலையை இழுக்க வேண்டாம், அது வாடகைக்கு எடுத்தது. வாயிலில் என் மகள் முத்திரையோடு உட்கார்ந்திருப்பாள்; வலக்கையை நீட்டுங்கள்.