ஊர் மாறினால் ரேஷன் உண்டா?

 

சென்ற மாதம் பீகாரைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டில் அரிசி இல்லை. "ஊரில் ரேஷன் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது. ஆனால் அது பீகார் அட்டையாயிற்றே" என்றார். ஒரு ரேஷன் கடையிலும் அதையே சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அது தவறு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 முதல் அது இலவசம். அதை எந்த மாநிலத்திலும் வாங்கலாம். ஆதார் இணைந்திருந்து, கைரேகை பதிந்தால் போதும். 2020 அக்டோபரில் தமிழ்நாடும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில் இருந்தால், இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிரித்தும் வாங்கலாம்.

ஆனால் எல்லை தாண்டி வருவது மத்திய அரசின் பங்கு மட்டுமே. இங்கே நமக்குக் கிடைக்கும் 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழக அரசு தன் செலவில் தருபவை. பீகார் அட்டைக்கு அவை இல்லை.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்தியச் சட்டம் ஏழைகளைத் தனியே பிரிக்கிறது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஏற்ற பிறகும், முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைகளுக்கும் தொடர்ந்து இலவச அரிசி கொடுக்கிறது. என்னைக் கேட்டால், அது நல்ல முடிவு. ஏழை யார் என்று பட்டியல் போடும்போது விட்டுப்போவது பெரும்பாலும் ஏழைதான். ஆனால் உங்கள் அட்டையில் என்.பி.எச்.எச். என்று அச்சிட்டிருந்தால், பிழைப்புக்காகப் பெங்களூருக்கோ மும்பைக்கோ போகும்போது அங்கே அந்த அட்டைக்கு ஒரு பிடி அரிசியும் கிடையாது. வெளியூர் கிளம்புகிற குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். பி.எச்.எச். என்று இருந்தால் கவலையில்லை.

அந்தத் தொழிலாளியுடன் மறுநாள் நம் தொண்டர் ஒருவர் கடைக்குப் போனார். கைரேகை பதிந்தது, அரிசி கிடைத்தது. பருப்பும் எண்ணெயும் நாம் கொடுத்தோம். இனி வடமாநிலத்தவருக்கான நம் உதவிப் பையில் அரிசியைக் குறைத்து, அவை இரண்டையும் கூட்டலாம் என்பது என் யோசனை. அட்டை இல்லாதவருக்கு மட்டும் அரிசியும் சேர்த்துக் கொடுப்போம்.