வரன் தட்டுப்பாடும் திருமண வயதும்



பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போனால் குறையை அவளிடமே தேடுவது நாம் அறிந்ததுதான். அமெரிக்காவில் ஓர் இனம் முழுவதையும் அப்படிப் பார்த்தார்கள். கறுப்பினத்தாருக்குக் குடும்பக் கட்டு தளர்ந்துவிட்டது, அடிமைக் காலத்தின் வடு அது என்றார்கள். 1965-இல் அரசுத் தரப்பில் வந்த மொய்னிகன் அறிக்கை வேலையின்மையையும் பேசியது. ஊர் காதில் விழுந்ததோ சிதைந்த குடும்பம் என்ற பேச்சு மட்டும்.

மக்கள்தொகைக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. 1940 வரையிலும் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட இளவயதிலேயே மணந்தார்கள். உலகப் போருக்குப் பிறகுதான் நிலைமை தலைகீழானது. 1865-இல் ஒழிந்த அடிமைமுறையின் விளைவு எண்பது ஆண்டு காத்திருந்தா வெளிப்படும்?

1987-இல் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் வேறு கணக்குப் போட்டார். ஒரே வயது, ஒரே இனத்தில் நூறு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்களில் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். கறுப்பின இளைஞர்களில் அந்த எண் சரிந்துகொண்டே வந்தது. அவர் ஆராய்ந்த சிகாகோவின் தெற்குப் பகுதியில் விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை 1980-இல் திடீரென மூடப்பட்டது. 1992-இல் சவுத் வொர்க்ஸ் உருக்காலையும் மூடப்பட்டது. பள்ளிப் படிப்போடு நின்றவன் குடும்பம் நடத்தப் போதுமான கூலி தந்த ஆலைகள் அவை.

பிறகு சிறை. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு கணக்கு வெளியிட்டது. 25 முதல் 54 வயது வரை, சிறைக்கு வெளியே இருக்கும் நூறு கறுப்பினப் பெண்களுக்கு ஆண்கள் 83 பேர்; வெள்ளையினத்தில் 99. மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் வெறும் 60. சிறையும் இளவயதுச் சாவும் மற்றவர்களைக் கொண்டுபோயிருந்தன. கலப்பு மணத்துக்கு இருந்த தடையை 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியதும் பெண்களுக்குப் பெரிதாக உதவவில்லை. 2015-இல் புதிதாக மணந்த கறுப்பின ஆண்களில் 24 விழுக்காட்டினர் வேற்றினத்தில் மணந்தார்கள். பெண்களில் 12 விழுக்காடுதான்.

ஆனாலும் வரன் தட்டுப்பாடு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 1992-இல் சமூகவியலாளர் டேனியல் லிக்டர் குழுவினர் உள்ளூர் மண வாய்ப்புகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். தட்டுப்பாடு திருமணத்தைத் தாமதப்படுத்துவது உண்மைதான். ஆனால் இரு இனங்களுக்கும் இடையிலான இடைவெளியில் பெரும்பகுதி அதனால் விளங்கவில்லை. நல்ல வேலையில் இருந்த கறுப்பின ஆண்களிடையேயும் திருமணம் குறைந்திருந்தது. வில்சனின் ஆதரவாளர்கள் இதைச் சற்று வேகமாகக் கடந்துபோகிறார்கள் என்பது என் கருத்து.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமண வயது அட்டவணை ஒன்று கையில் கிடைத்தால், பண்பாடு என்று எழுதுவதற்கு முன் அந்த ஊரின் சிறைக் கணக்கையும் வேலைக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.