சீட் பெல்ட் சொல்லும் சேதி

கோவை போத்தனூரில் பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ வாங்கப் போகிறவரின் கண் முதலில் பெயின்ட் மேல்தான் விழும். கை போக வேண்டிய இடம் சீட் பெல்ட்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்றுவிடலாம். ஆனால் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், சுருளுக்குள் ஒளிந்திருந்த சேற்றுக்கறை வெளியே வந்துவிடும். ஸ்டெப்னிக் குழியிலும் வண்டல் தங்கியிருக்கும்.

இன்ஜின் சூடேறும் முன்பே, காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்பசை படிந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் ஹெட் கேஸ்கட் வேலை சின்னச் செலவல்ல.

ஆத்துப்பாலம் – உக்கடம் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

ஆர்.சி.யில் கடன் பதிவா? வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வந்த பிறகே அட்வான்ஸ்.