மோட்டாருக்கு நாலாவது பேஸ் உண்டா?



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. ஒரு கேலிப் பேச்சைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மோட்டார் மெக்கானிக்குகளும் எஞ்சினியர்களும் தங்களுக்குள்ளே சிரிப்பதற்காகப் பேசிக்கொள்கிற பேச்சு அது. அந்தப் பேச்சு வழிதவறி ஒரு தர்ப்பூசணிக் கொல்லைக்குள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். 1978-ல் படிப்பை நிறுத்திவிட்டு, செங்கல்பட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் என்னைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த மூன்றாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டார். "டேய், கடைத்தெருவுக்குப் போயி கால் கிலோ எர்த்து வாங்கிட்டு வா. பழசு குடுத்தா வேணாம்னு சொல்லிடு" என்றார். நானும் பையை எடுத்துக்கொண்டு போனேன். முதல் கடைக்காரர் முகம் மாறாமல், "எர்த்து தீந்துபோச்சு தம்பி, ஸ்டேஷன் பக்கம் கேட்டுப் பாரு" என்றார். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர், "கால் கிலோ சில்லறையா குடுக்கறதில்லையே, மூட்டையாத்தான் வரும்" என்றார். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர்தான் மனசு இரங்கி, காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுதாம்பா எர்த்து. வேணுங்கற அளவுக்கு அள்ளிக்கோ."

எர்த்து என்றால் பூமி. மோட்டாரின் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மண்ணில் இறக்கிவிடுகிறோமே, அதுதான். உள்ளே எங்காவது ஒயர் உரசி, உடம்பில் மின்சாரம் ஏறினால், அது தொடுகிற ஆளைத் தாக்காமல் மண்ணுக்குப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில் அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை.

இந்த விளையாட்டு நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துப் பட்டறைகளிலும் புதுப் பையனை இடது கை ஸ்குரூ டிரைவர் வாங்கிவரச் சொல்வார்கள். கோடு போட்ட பெயின்ட் ஒரு டப்பா கேட்பார்கள். இன்னொன்று, 'லாங் வெயிட்' கேட்டு வா என்று ஸ்டோருக்கு அனுப்புவார்கள். பையன் அதை ஏதோ நீளமான எடைக்கல் என்று நினைத்துக்கொள்வான். ஸ்டோர்காரர் "சரி, நில்லு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இங்கிலீஷில் அதே ஓசைக்கு 'நீண்ட நேரம் காத்திருப்பது' என்றும் அர்த்தம். ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் பையனுக்கு விளங்கும்.

நான் கொஞ்சம் தேறிய பிறகு நானும் இந்தக் கும்பலில் ஒருவன் ஆனேன். எங்கள் கடையில் பேர்போன வார்த்தை ஒன்று இருந்தது. "நாலாவது பேஸ் வீக்கா இருக்குது, ஷாப்டுல பேக் வோல்டேஜ் தேங்கி நிக்குது, ஒரு பேலன்சர் போட்டாத்தான் சரியாகும்." இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் பந்தயம். விஷயம் தெரிந்தவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். ஏனென்றால் நம் பம்புசெட்டுக்கு வருவது மும்முனை மின்சாரம். அதில் பேஸ் மூன்றுதான். நாலாவது என்று ஒன்று கிடையாது. ஆனால் மின்கம்பத்தைப் பாருங்கள், நாலு கம்பி ஓடும். அந்த நாலாவது கம்பி நியூட்ரல். கம்பியை எண்ணிப் பார்த்த யாருக்கும் நாலாவது பேஸ் என்பது நியாயமாகத்தான் படும். ஒரு நல்ல பொய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நிஜம் நின்றுகொண்டிருக்கும்.

ஒவ்வொரு தொழில்காரரும் தங்களுக்குள் தனி வார்த்தை வைத்துக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், குழூஉக்குறி என்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் துணியைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். உள்ளே போனால் மனசில் இருக்கிற சொல்லையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடுமே, அதனால் அந்தப் பேர் பொருத்தம்தான். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறாரே, அதுவும் இந்த வகைதான். மாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த எஞ்சினியர் ஒருவர் தன் வீட்டு மோட்டாரை எங்களிடம் கொண்டுவருவார். எங்கள் நாலாவது பேஸைக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் பெரியண்ணன் ஒருத்தன் இருக்கான்" என்று ஒரு கதை சொன்னார். 1944-ல் இங்கிலாந்தில் மின்பொறியாளர் கழகத்தின் மாணவர் பத்திரிகையில் ஜான் ஹெலின்ஸ் குவிக் என்பவர் 'டர்போ என்கேபுலேட்டர்' என்ற இயந்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தகடு, தாங்கி, காயில் என்று பாகம் பாகமாக விவரம் இருக்கும். வாக்கியம் ஒவ்வொன்றும் எஞ்சினியர் எழுதுகிற வாக்கியம் மாதிரியே ஓடும். கடைசிவரை படித்தாலும் அந்த இயந்திரம் எதற்கு என்று மட்டும் தெரியாது. ஏனென்றால் அப்படி ஓர் இயந்திரமே கிடையாது! 1946-ல் அமெரிக்காவின் டைம் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. 1962-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் தங்கள் கருவிகளின் கையேட்டில், நிஜக் கருவிகளுக்கு இருப்பது போலவே இதற்கும் ஒரு விவரப் பக்கம் சேர்த்தார்கள். பிற்காலத்தில் நடிகர்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இதைப் பேசிப் படமே எடுத்திருக்கிறார்கள். எழுபது எண்பது வருஷமாக எஞ்சினியர்கள் சலிக்காமல் சிரிக்கிற நகைச்சுவை இது. பெரிய படிப்புப் படித்தவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே கேலி செய்துகொள்வது நல்ல குணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தர்ப்பூசணிக் கதைக்கு வருகிறேன்.

1986, மாசி மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் மணற்பாங்கான நிலத்தில் தர்ப்பூசணி போட்டிருந்தார். காய் பிடிக்கிற நேரம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. உள்ளூர் மெக்கானிக் பையன் வந்து பார்த்துக் கழற்றி எடுத்துப்போனான். நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டி, பம்பில் தண்ணீர் ஊற்றி ஓட்டினான். வந்தது. கூலியும் சாமானும் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய். மறுநாள் காலை மறுபடியும் தண்ணீர் இல்லை. எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் போனபோது காய்கள் எலுமிச்சை அளவில் சுருங்கிக் கிடந்தன. "என்ன பெரியப்பா, என்ன சொன்னான்?" என்றேன்.

"நாலாவது பேஸு வீக்காம்பா. பேலன்சர் போட்டிருக்கான். பேக் வோல்டேஜ் தேங்கி நிக்குதாம், அதுதான் தண்ணிய மறிக்குதுன்னு சொல்றான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கடையில் நாங்கள் சிரித்த வார்த்தை, எழுத்துப் பிசகாமல் அப்படியே!

பேலன்சர் என்று அவன் மாட்டியிருந்தது ஒரு கண்டென்சர். அதனால் மோட்டாருக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் வராததற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. நான் மோட்டாரைத் தொடவே இல்லை. நிறுத்திவைத்துவிட்டு, பம்பின் மேல் இருக்கும் புனலில் தண்ணீரை நிரம்ப ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் முன்னே தண்ணீர் இறங்கியது. அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. கிணற்றில் இறங்கி புட்வால்வைக் கழற்றினோம். கதவுக்கு நடுவே சவுக்கு முள் கற்றையாகச் சிக்கியிருந்தது. கடலோரத்துச் சவுக்குத் தோப்பிலிருந்து காற்றில் பறந்து கிணற்றில் விழுவதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கவனமாகக் கேளுங்கள். பம்பு தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. பம்பு சுற்றும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. கிணற்றுத் தண்ணீர் மேல் இருக்கிற காற்றின் பாரம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 22 அடியிலிருந்து 25 அடிக்குள்தான் அது தள்ளும். குழாயில் காற்று புகுந்தால் இந்த வேலை நடக்காது. மோட்டார் நிற்கும்போது குழாயில் தண்ணீரைப் பிடித்துவைப்பது புட்வால்வு. அது சரியாக மூடவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் காலியாகிவிடும். பையன் மாட்டியபோது தண்ணீர் ஊற்றியதால்தான் அன்றைக்கு மட்டும் ஓடியது.

புனலில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றும் பம்பு எடுக்கவில்லையா? ஓட்டிக்கொண்டே, கிணற்றுப் பக்கத்துக் குழாயின் இணைப்புகளில் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போகிற இடத்தில் காற்று புகுகிறது. மின்கம்பத்தில் லைன் வேலை நடந்த பிறகு தண்ணீர் குறைந்துபோனதா? மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு பேஸ் இடம் மாறினால் தலைகீழாகச் சுற்றும். மெயினை நிறுத்திவிட்டு இரண்டு ஒயரை மாற்றிக் கட்டினால் போதும். தெரிந்த வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் ஒரு பேஸ் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் விட்டால்தான் காயில் எரியும். பாகம் மாற்றினேன் என்று யாராவது சொன்னால், பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த வார்த்தை புரியவில்லையோ, "அது எங்கப்பா இருக்குது, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். நாலாவது பேஸைத் தொட்டுக் காட்ட யாராலும் முடியாது.

சாயங்காலம் அந்தப் பையனைக் கூப்பிட்டு அனுப்பினோம். பெரியப்பா கடுங்கோபத்தில் இருந்தார். நான்தான், "யார்ரா உனக்கு நாலாவது பேஸ் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டேன்.

அவன் பயந்துபோய், "செங்கல்பட்டுல நான் தொழில் கத்துக்கிட்ட எடத்துலதாண்ணே. எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க" என்றான்.

அவன் ஏமாற்றவில்லை. நம்பிவிட்டான். எனக்குத் தரையைத் தட்டிக் காட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவனுக்கு யாரும் தட்டிக் காட்டவில்லை. அந்தத் தெருவில் அந்த வார்த்தையைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தன். பெரியப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பையன் கூலியைத் திருப்பிக் கொடுத்தான். கண்டென்சருக்குப் பெரியப்பாவே பணம் கொடுத்துவிட்டார். கொல்லையில் பாதிதான் தேறியது. மேட்டுப் பக்கம் இருந்த கொடிகள் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு புட்வால்வைச் சுற்றி மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டோம். கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் பெரியப்பா நீளக் கழியில் கூடையைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். எங்கே கிளம்பிட்டீங்க என்று யாராவது கேட்டால், "நாலாவது பேஸு நெறைய உழுந்து கெடக்குதுப்பா, வாரிட்டு வந்துடறேன்" என்பார்.